கிராணி கடித்த பேசன்

எங்கள் முயலின் பெயர் கிராணி. அப்பா வைத்த பெயர். வெள்ளை உடம்பு, இரண்டு கண்ணைச் சுற்றியும் கண்ணாடி போட்ட மாதிரி கறுப்பு வட்டம். எஸ்டேட் ஆபீஸில் உட்கார்ந்து வேலையாட்களுக்குப் பேர் போடுகிற குமாஸ்தாவை நாங்கள் கிராணி என்போம். அவரைப் போலவே இதுவும் எதிரில் நிற்பவனை ஏற இறங்கப் பார்க்கும். பதில் சொல்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும். பெயர் வைத்த நாளிலிருந்து அப்பா அதை வாங்க, போங்க என்றுதான் பேசுகிறார். ஆபீஸில் இருக்கிற கிராணிக்கு அந்த மரியாதை வாயிலிருந்து போனது. இதற்கு மனசிலிருந்து போகிறது.

அந்தக் கிராணிதான் தன் மூத்திரப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

பெட்டி என்றால் பெட்டியில்லை, துணி ஊறவைக்கிற நீல பிளாஸ்டிக் பேசன். முயல் சுத்தக்காரப் பிராணி. ஒரே இடத்தில்தான் போகும், அதுவும் அந்தப் பேசனில்தான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் போய் முடித்ததும் பேசனின் விளிம்பைப் பல்லால் பிடித்துக்கொண்டு கறக் கறக்கென்று கடிக்க ஆரம்பித்துவிடும். விடியக்காலை ஒரு சுற்று, சாயங்காலம் விளக்கு போட்டதும் இன்னொரு சுற்று. ஒரு பக்கம் ரம்பப் பல் மாதிரி ஆகிவிட்டது. தாழ்ந்துபோன அந்தப் பக்கமாக மூத்திரம் வழிந்து சமையலறைச் சிமெண்டில் ஓடும்.

சிமெண்டில் ஓடினால் ஒரு வாளித் தண்ணீரில் முடிந்துவிடும். நாங்கள் போகவேண்டியிருந்த வீட்டில் பலகைத் தரை.

அப்பாவுக்கு அறுபது முடிந்தது. எஸ்டேட் தேயிலை பேக்டரியில் சல்லடைப் பக்கம் வேலை. பள்ளிக்கூடத்தை விட்ட வயசில் உள்ளே போனவர், இப்போதுதான் வெளியே வருகிறார். வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டையும் கொடுத்துவிட வேண்டும், மாசக் கடைசிக்குள். அம்மா திரிங்காப்பில் காய்கறி கட்டும் கொட்டகையில் வேலை செய்கிறாள், எஸ்டேட் ஆள் இல்லை, அவள் பெயரில் வீடு கிடைக்காது. நான் மனிதவள நிர்வாகத்தில் டிகிரி வாங்கிவிட்டு பிரிஞ்சாங் ஹோட்டல் ஒன்றில் வருகிறவர்களுக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுக்கிறேன். மனித வளத்தை எப்படிப் பேண வேண்டும் என்று தடித்தடியாகப் புத்தகம் படித்தேன். எங்கள் வீட்டு மனித வளத்துக்கு ஆபீஸில் ஒரு சால்வை போட்டு, சாவி எப்போது வரும் என்று கேட்டார்கள். கேட்ட சின்னத் துரைக்கு, அதாவது உதவி மேனேஜருக்கு, என் வயசுதான் இருக்கும். அப்பா "சரிங்க தொர" என்றார்.

"கொஞ்ச நாள் டைம் கேட்டிருக்கலாம்லப்பா. கேட்டா குடுப்பாங்க. கேக்கறதுக்கு வாய் வேணும்."

"அவங்க வீடுதானம்மா."

அவ்வளவுதான் அவர் பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்தான் பிரிஞ்சாங்கில் தேடி அலைந்து ஒரு வீடு பிடித்தேன். கடை வரிசையின் பின்பக்கம், மாடியில் இரண்டு அறை. வீட்டுக்காரி லோ ஆண்டி கீழே மளிகைக் கடை வைத்திருக்கிறாள். மாடியில் பலகைத் தரை, பலகைக்கு நேர் கீழே அரிசி மூட்டை. முயல் இருக்கிறது என்று நான் சொன்னதும் அவள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.

"மூத்திரம் பலகையில போனா, என் அரிசியிலதான் வந்து விழும்" என்றாள் மலாயில். "பெட்டியிலதான் போகும்னா நானே வந்து என் கண்ணால பார்க்கணும். பெட்டி சரியில்லனா வீடு இல்ல."

போனில் அப்பாவிடமும் சொன்னாள். அப்பா "ஓகே ஆண்டி, ஓகே, ஓகே லா ஆண்டி" என்றார். யார் என்ன சொன்னாலும் அவருக்கு அதுதான் வரும்.

வேறு வீடு இல்லை. நான் தேடாத இடம் இல்லை. மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் வருவதாகச் சொன்னாள். அதற்குள் கிராணி கடிப்பதை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் வீடு போகும், அல்லது கிராணி போகும்.

கிராணி போனால் அப்பா என்ன ஆவார் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வேலை முடிகிற தேதி தெரிந்த நாளிலிருந்து அந்த மனுஷன் எங்களோடு பேசுவது குறைந்துவிட்டது. சாப்பிட்டியா, கதவைச் சாத்து, மோட்டர் சைக்கிளுக்கு எண்ணெய் ஊத்தணும், இவ்வளவுதான் எங்களுக்கு. மற்றதெல்லாம் கிராணிக்கு. சமையலறை மூலையில் குந்தி உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கி என்ன கிராணி, மொகம் வாட்டமா இருக்கு? பேர் போட ஆள் வரலயா?" என்று கேட்பார். அது வாயை அசைக்கும். அவருக்கு அது போதும்.

கிராணி வந்தது கியா பார்மிலிருந்து. அம்மாவைத் திரிங்காப்பில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் ஒரு ஸ்ட்ராபெரித் தோட்டம். டூரிஸ்டுகள் தூக்கி வைத்துப் படம் பிடிக்கக் கூண்டு நிறைய முயல். நாள் முழுக்கக் கை மாறிக் கை மாறி, கடைசியில் இது ஒரு பிள்ளையின் விரலைக் கடித்துவிட்டது. கடிக்கிற முயல் அவர்களுக்கு எதற்கு? பெட்டியில் போட்டு ரோட்டோரம் வைத்திருந்தார்கள். அப்பா மோட்டரை நிறுத்தினார். அம்மா, "நாய்க்குட்டின்னாலும் வாசலக் காக்கும், இது என்னத்தக் காக்கும்?" என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். வந்ததும் காரட் நறுக்கி வைத்ததும் அவள்தான்.

கடிப்பதை நிறுத்த முதலில் பிரிஞ்சாங் கடையில் மரக்கட்டைப் பொம்மை வாங்கி வந்தேன். கிராணி அதை முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கால் ஓரமாகத் தள்ளியது, கையெழுத்து இல்லாத விண்ணப்பத்தைத் தள்ளுவது போல. மூங்கில் துண்டு வைத்தோம். பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா கொய்யாக் குச்சி ஒடித்துக் கொடுத்தார். குச்சியைக் கடித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். குச்சியை முடித்துவிட்டுப் பேசனுக்குப் போனது.

"பிளாஸ்டிக்கத் தின்னு தின்னு வயித்துல அடைச்சுக்கிட்டுச் சாவப் போவுது" என்றாள் அம்மா. "அப்புறம் ஒங்கப்பா எனக்குச் சோறு வேணாம்னு சொவத்தப் பாத்துப் படுத்துக்குவாரு."

செல்லம்மாக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவிடம், "பேசாம மஞ்சளும் மொளகுமா வறுத்துடு மோகனா. வீட்டுக்காரி வரன்னைக்கி அதயே பரிமாறிடலாம்" என்றார்.

"யக்கா, எம் புருசன் காதுல விழுந்துச்சுன்னா ஒங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டாரு" என்றாள் அம்மா.

"இப்ப மட்டும் என்ன, மிதிச்சுத் தேச்சுட்டாரா?"

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் அப்பா பேக்டரிக்குப் போயிருந்த நேரம், அம்மியில் இருந்த மிளகாய் விழுதை வழித்துப் பேசன் விளிம்பைச் சுற்றிலும் பூசினேன். ஒரு தரம் வாயில் பட்டால் ஜென்மத்துக்கும் வராது என்று நினைத்தேன். சின்னப் பிள்ளைகள் விரல் சூப்பினால் வேப்பெண்ணெய் தடவுவதில்லையா?

கிராணி வந்தது. கடித்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் தூக்கி முகத்தைத் தேய்த்தது. விழுது காலில் ஒட்டி, காலிலிருந்து கண்ணுக்குப் போனது. தும்மியது. சுவரில் மோதியது. பின்னங்காலால் சிமெண்டை அறைந்தது. முயல் லேசில் கத்தாது. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அப்பா கதவருகில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"என்னாடி பண்ணி வச்ச?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பரீட்சையில் தோற்றபோதும், அவர் மோட்டரை நான் கால்வாயில் விட்டபோதும் கேட்டதில்லை. கிராணியைச் சட்டையோடு அணைத்துத் தூக்கி, குழாயடியில் உட்கார்ந்து, ஈரத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினார்.

"ஒன்னய வாயில மொளகா தடவியா வளத்தோம்?"

"நான் தடவுனேன்" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "அஞ்சு வயசுல. கெட்ட வார்த்த பேசுனதுக்கு."

"நீ சும்மா இரு மோகனா! வாயில்லாத சீவன். அதுக்கு என்னா தெரியும், வீட்டுக்காரி வரான்னு?"

நானும் விடவில்லை. "எனக்கு மட்டும் ஆசையா? யாருக்காகப்பா நாய் மாரி அலையறேன்? இந்தக் கொரல அன்னைக்கி ஆபீஸ்ல காட்டியிருந்தா நம்ம இங்கயே இருந்திருக்கலாம். தொரகிட்ட சரிங்க, லோ ஆண்டிகிட்ட ஓகே ஓகே. எங்கிட்ட மட்டும் கொரல் வருதா?"

அப்பா துணியைப் பிழிந்தார். மறுபடியும் நனைத்தார். கிராணியின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து என்னவோ சொன்னார். மன்னிப்பாக இருக்கும். நான் செய்ததற்கு அவர் கேட்டார்.

மறுநாள் ஹோட்டலுக்கு லீவு சொல்லிவிட்டு, கிராணியைக் காரட் பெட்டியில் போட்டு மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன். கண் இன்னும் சிவந்திருந்தது. டாக்டர் மலாய்க்காரப் பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள், மிளகாய்க் கதையைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. அப்புறம் காதில் குழாயை மாட்டி, கிராணியின் நெஞ்சில் வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்காமல் இருந்தாள்.

"வீட்டிலும் இப்படித்தானா? துடித்துக்கொண்டே, ஓரிடத்தில் உட்காராமல்?"

"எப்பவும் இப்படித்தான்."

"தூங்குமா?"

யோசித்துப் பார்த்தேன். கிராணி தூங்கி நான் பார்த்ததில்லை. முயல் என்றாலே அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

"மூத்திரப் பெட்டியில் அடியில் என்ன போடுகிறீர்கள்?"

"தேயிலை நார்" என்றேன்.

அவள் குழாயைக் காதிலிருந்து எடுத்தாள்.

எங்கள் லயத்தில் எல்லார் வீட்டிலும் தேயிலை நார் இருக்கும். தேயிலையைச் சலிக்கும்போது காம்பும் நாருமாக ஒதுங்குகிற கழிவு. காய்ந்து, லேசாக, பஞ்சு மாதிரி இருக்கும். ஈரத்தை உறிஞ்சும், வாடையை அமுக்கும். கோழிக்கூட்டில் போடுவோம், பூச்செடிக்குப் போடுவோம், மழைக்காலத்தில் வாசல் சேற்றில் கொட்டுவோம். முயல் வந்ததும் அப்பாவுக்கு முதலில் தோன்றியது அதுதான். அவர் கையால் சலித்த நார். கிராணி அதன் மேல் உட்கார்ந்தது, அதைக் கொறித்தது, அதிலேயே போனது. கொறிக்கிறதே என்று அப்பாவுக்குச் சந்தோஷம்.

"அது கழிவானாலும் தேயிலைதானே" என்றாள் டாக்டர். "நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை கப் குடிப்பீர்கள்? இந்த உடம்புக்கு இது பத்துப் பதினைந்து கப் குடித்த மாதிரி. நெஞ்சு ஓடுகிறது, உட்கார முடியவில்லை. கிடைத்ததைக் கடிக்காமல் என்ன செய்யும்? உயிரோடு இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள்."

நாரை நிறுத்து, பழைய பேப்பர் போடு என்றாள். வாய்க்கு எப்போதும் புல் இருக்க வேண்டும், முயல் தின்றுகொண்டேதான் வெளிக்குப் போகும், அதனால் புல்லைப் பெட்டியின் தலைமாட்டிலேயே வை என்றாள். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடிப்பதே கூடாது என்று எதிர்பார்க்காதே, பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம், தகரமோ எவர்சில்வரோ வை என்றாள். எல்லாம் செய்யக்கூடிய காரியம்தான். ஒன்றுதான் கஷ்டம். இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் வீட்டுக்குப் பின்னால் ஏழெட்டுச் சாக்கு நார் அடுக்கியிருந்தது. பிரிஞ்சாங் வீட்டுக்குக் கொண்டுபோக அப்பா சேர்த்து வைத்தது. அது தீர்ந்தால் பேக்டரியில் இருக்கிற சுப்பன் மாமா வாரா வாரம் ஒரு சாக்கு எடுத்து வைப்பார், அப்பா மோட்டரில் வந்து வாங்கிக்கொள்வார் என்று ஏற்பாடு. வாரத்துக்கு ஒரு தரம் பேக்டரி வாசலில் போய் நிற்க அவருக்கு இருந்த ஒரே சாக்கு அதுதான். யாரும் என்ன வேலையாக வந்தாய் என்று கேட்க முடியாது. முயலுக்கு நார் வாங்க வந்தேன் என்று சொல்லலாம்.

நான் எதையும் பட்டென்று சொல்லிவிடுகிறவள். அன்று காரட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, சொல்லாமல் விட்டுவிட வழி உண்டா என்று பார்த்தேன். டாக்டர் பேப்பர் போடச் சொன்னாள் என்று மட்டும் சொல்லலாம். நார் ஏன் வேண்டாம் என்று கேட்டால்? கேட்பார். கிராணி சம்பந்தப்பட்ட எதையும் அவர் கேட்காமல் விடமாட்டார்.

சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் பின்னால், அந்தச் சாக்குகளுக்குப் பக்கத்திலேயே நின்று.

நான் முடித்ததும் அப்பா ஒரு சாக்கை அவிழ்த்து, கை நிறைய நாரை அள்ளி மூக்கருகில் கொண்டுபோனார்.

"இதயா?"

"ம்."

"நாந்தான குடுத்தேன்."

"தெரியாமத்தானப்பா. இந்த லயத்துல யாருக்குத் தெரியும்? எனக்கும்தான் தெரியாது."

"தின்னுதேன்னு இன்னும் ரெண்டு புடி போடுவேன்." நாரைச் சாக்கில் உதிர்த்தார், ஒரு தும்பு கீழே விழாமல். "நீ மொளகா தடவுனதுக்குக் கத்துனேன்."

"கத்துனது சரிதான்."

"மொளகா ஒரு நாளு. நானு, அது வந்த நாள்லேருந்து குடுத்தேன்." பிறகு, என்னைப் பார்க்காமல், "இந்தத் தூசிய நானும் இம்புட்டு வருசம் மூக்குல இழுத்திருக்கேன். அதான் எனக்கும் தூக்கம் வரமாட்டேங்குதா?" என்றார்.

சிரிக்கச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. நான் கொஞ்சம் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம் இரண்டு பேருமாகச் சாக்குகளைத் தூக்கிக்கொண்டுபோய் செல்லம்மாக்காவின் பூச்செடிகளுக்குக் கொட்டினோம். அக்காவுக்கு வாயெல்லாம் பல். "வறுக்க வேணாம் போலருக்கே" என்றார்.

அப்பா சுப்பன் மாமாவுக்குப் போன் போட்டு, இனிமேல் நார் வேண்டாம் என்று சொன்னார். காரணம் சொல்லவில்லை. வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசனுக்குப் பதில் என்ன வைப்பது என்று வீடெல்லாம் தேடினோம். எண்ணெய் டின்னை வெட்டினால் கையைக் கிழிக்கும், சோற்றுச் சட்டி சின்னது. கடைசியில் அப்பா அலமாரி மேலிருந்து ஒரு தட்டை இறக்கினார். அகலமாக, நாலு பக்கமும் விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு. தீபாவளி பிஸ்கட் சுட அம்மா ஓவனில் வைப்பது.

"ஐயையோ, அத வையுங்க! எம் பிஸ்கட்டுத் தட்டு!"

"வேற வாங்கித் தரேன் மோகனா."

"அதுல நெய் பிஸ்கட்டு சுட்டு ஊருக்கெல்லாம் குடுத்திருக்கேன். இனிமே எவ திம்பா? இந்தக் கிராணிக்கி வந்த வாழ்வப் பாரு, எவர்சில்வர்ல மூத்திரம்!"

சொல்லிக்கொண்டே பழைய பேப்பரை எடுத்து அதன் அளவுக்கு மடித்தாள். அப்பா ரோட்டோரம் யானைப்புல் அறுத்து வந்து, தட்டின் தலைமாட்டில் கம்பி கட்டிச் சொருகினார். கிராணி ஏறியது. புல்லை இழுத்தது. இழுத்துத் தின்றுகொண்டே, டாக்டர் சொன்ன மாதிரியே, காரியத்தை முடித்தது. பழக்கத்தில் தட்டின் விளிம்பை ஒரு கடி கடித்தது. டிங்கென்றது. தலையைத் தூக்கி எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பியது.

இரண்டு நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னை அப்பா பதறிப்போய்க் கூப்பிட்டார். "தனு, ஓடியா! கிராணி விழுந்து கெடக்குறாரு!"

கிராணி பக்கவாட்டில் சாய்ந்து, நாலு காலையும் நீட்டி, வயிறு மெல்ல ஏறி இறங்கக் கிடந்தது. நான் குனிந்து பார்த்தேன்.

"தூங்குதுப்பா."

"இப்பிடியா?"

"இப்பிடித்தான் தூங்குமாம்."

அம்மா எட்டிப் பார்த்தாள். "நீங்களும் டீயக் கொறைங்க, இந்த மாரி காலு நீட்டித் தூங்கலாம்" என்றாள். அப்பா காலை வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதன் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை லோ ஆண்டி வந்தாள். ஹைலக்ஸ் வண்டியைக் கீழே ரோட்டில் நிறுத்திவிட்டு, படி ஏறி மூச்சு வாங்க வந்து, சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கிராணி நல்ல பிள்ளையாகத் தட்டில் ஏறி, புல்லைத் தின்று, பேப்பரை நனைத்தது. ஒரு சொட்டு வெளியே இல்லை. அவள் குனிந்து தரையைக் கையால் தடவிக்கூடப் பார்த்தாள்.

"பகுஸ்" என்றாள். நல்லது என்று அர்த்தம். அம்மா மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

டீயைக் குடித்துவிட்டு எழுந்தவள் பின்வாசல் பக்கம் போனாள். அங்கே அந்த நீலப் பேசன் கிடந்தது. அம்மா அதில் வெங்காயத்தாள் நட்டிருந்தாள். ரம்ப விளிம்பை லோ ஆண்டி விரலால் தொட்டாள்.

"இது?"

அம்மா வெங்காயத்தாளைச் சரித்து அந்தப் பக்கத்தை மறைக்கப் பார்த்தாள்.

"பிளாஸ்டிக்கையே இப்படித் தின்றதா? என் தரை பலகை. கதவு பலகை. நிலை பலகை. எங்கப்பா காலத்து மரம்." அவள் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. "இது வேண்டாம். நீங்கள் வாருங்கள், வீடு உங்களுக்குத்தான். முயலை மட்டும் கியா பார்மில் விட்டுவிடலாம். என் தங்கை மகன் ஸ்ட்ராபெரித் தோட்டம் வைத்திருக்கிறான். நல்ல கூண்டு. டூரிஸ்ட் எல்லாம் தூக்கிக் கொஞ்சுவார்கள். நானே சொல்கிறேன்."

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையே இல்லை. ஓகே ஆண்டி என்று வரப்போவது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் என்ன கத்த வேண்டும் என்பதும் தயாராக இருந்தது.

"தாக் போலே" என்றார் அப்பா. முடியாது.

லோ ஆண்டி திரும்பினாள்.

"அங்கதான் இதக் கெடுத்தாங்க. அங்க அனுப்ப முடியாது." மெதுவான மலாயில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "வீடு வேண்டாம் ஆண்டி. வேற பாத்துக்கறோம். படி வழுக்கும், பாத்து எறங்குங்க."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. "கூரைய வுட்டுட்டு முயலப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரே மனுசன்! சாமான் செட்ட எங்க கொண்டுபோய்க் கொட்டறது? பஸ் ஸ்டாண்டுலயா? தொரகிட்ட வராத வாயி, வீடு குடுக்கறவகிட்ட வந்துருச்சு!"

அப்பா கிராணியின் புல்லைச் சரி செய்துகொண்டிருந்தார். கம்பியில் சொருகிய புல்லையே எடுத்து மறுபடியும் மறுபடியும் சொருகினார்.

எத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். ஆபீஸில் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், பேக்டரியில் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், கடைசியில் எங்களுக்கு இருந்த ஒரே வீட்டுக்கு எதிரில் சொல்லியிருக்கிறார். சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கையைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன்.

லோ ஆண்டி ஹைலக்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வண்டிக் கண்ணாடியைத் தட்டினேன்.

"ஆண்டி, தோலோங் லா. ஒரு நிமிசம்."

உதவி செய்யுங்கள் என்று கெஞ்சும் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்பாவிடமிருந்துதான் வந்திருக்கும், வீட்டில் அதுதானே கேட்டு வளர்ந்தேன். தேயிலை நார்க் கதையைச் சொன்னேன். பேசனைக் கடித்ததெல்லாம் அப்போது என்றேன், இப்போது தூங்குகிறது என்றேன். முயல் இருக்கிற மூலையில் பலகை மேல் தகரம் அடித்துவிடுகிறோம் என்றேன். நான் பேசப் பேச அவள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் அப்பா போனில் எல்லாவற்றுக்கும் ஓகே ஓகே என்றார்" என்றாள். "எனக்கு அது பிடிக்கவில்லை. முந்தி இருந்தவனும் அப்படித்தான். வாடகை ஓகே, குப்பை ஓகே, சத்தம் போடமாட்டேன் ஓகே. போகும்போது கதவைக்கூடக் கழற்றிக்கொண்டு போனான். எல்லாவற்றுக்கும் ஓகே சொல்கிற ஆளின் ஓகேயை வைத்து நான் என்ன செய்வது?"

"அவர் அப்படி இல்ல ஆண்டி."

"அதுதான் இன்றைக்குப் பார்த்தேனே." இன்ஜினை அணைத்தாள். "அவரை வரச் சொல். உன்னிடம் நான் கேட்கவில்லை, அவரிடம் கேட்கிறேன்."

கத்திக் கூப்பிட்டேன். அப்பா படியில் மெதுவாக இறங்கி வந்தார், கையில் இரண்டு யானைப்புல் தாளோடு. கீழே வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது.

"பெட்டியில்தான் போகுமா?" என்று கேட்டாள் லோ ஆண்டி.

"போகும்."

"என் பலகையைக் கடிக்காதா?"

ஓகே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு நெஞ்சு கிராணியைப் போல அடித்தது. அப்பா யோசித்தார். புல்லை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"கடிக்காதுன்னு சொல்ல முடியாது ஆண்டி. அதுக்குப் பல்லு வளருது. தகரம் அடிப்பேன், புல்லு வைப்பேன், பாத்துக்குவேன். அதுக்கு மேலயும் கடிச்சா, அந்தப் பலகைய நானே மாத்திக் குடுப்பேன். அது என்னால முடியும்."

லோ ஆண்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"தகரம் வேண்டுமென்றால் என் கடைக்குப் பின்னால் கிடக்கிறது" என்றாள். "சாவியை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்."

"சரி ஆண்டி" என்றார் அப்பா.

வண்டி வளைவில் மறைகிற வரைக்கும் நின்றுவிட்டுப் படி ஏறினோம். பாதி வழியில், "அம்மாகிட்ட நீ சொல்லு" என்றார்.

"ஏன், வாய் வந்துருச்சில்ல? நீங்களே சொல்லுங்க."

"அவகிட்ட வராதும்மா."

மேலே சமையலறையில் அம்மா தனியாகக் கிராணியிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஒனக்காக நான் ரோட்டுல நிக்கணுமா, எந்த ஊரு நியாயம் லா இது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிராணி அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிஸ்கட்டுத் தட்டின் விளிம்பில் ஒரு தரம் பல்லை வைத்தது. டிங்கென்றது. அப்பா கையிலிருந்த புல்லை நீட்டினார்.